மாற்றுக் கருத்தினரோடு அமர ஒரு மாடி அறை

மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் கூடும் கலந்துரையாடல் வட்டத்துக்கு, எதிரெதிர்க் கருத்துடையவர்கள் முகம் சுளிக்காமல் பேச முடியுமா என்ற ஐயத்துடனேயே சென்றேன். சென்னையின் இரண்டாவது விமான நிலையமாகத் திட்டமிடப்பட்ட பரந்தூர் விமான நிலையமே அன்றைய பொருள். 2022ஆம் ஆண்டு அறிவிப்பு வந்தது முதல் அப்பகுதியிலுள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் எதிர்த்துவரும் திட்டம் என்பதால் அனல் பறக்கும் என்றே எதிர்பார்த்தேன்.

மறுத்துப் பேச விரும்புபவர், எதிர்த்தரப்பின் கருத்தை அவரே தலையசைத்து ஏற்கும்படி முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது இங்குள்ள விதி. மீனம்பாக்கத்தின் நெரிசலைக் காட்டித் திட்டத்தை ஆதரித்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், வயலும் ஏரியும் பறிபோவதைப் பற்றி எதிரே இருந்த இளம்பெண் சொன்னதை "இழப்பீடு போதாது என்கிறீர்கள்" என்று சுருக்கியபோது, "இல்லை ஐயா, நான் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை" என்று அவர் திருத்தினார்; பொறியாளர் மூன்றாம் முறைதான் சரியாகச் சொன்னார். இருவரும் தத்தம் நிலையிலிருந்து மாறவில்லை. ஆனால் வாதம் அதன்பின் நீர்நிலைகளை நோக்கித் திரும்பியது, அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது.

நெறியாளர் கண்டிப்பானவர், நீட்டி முழக்குபவர்களை, அவர்கள் எவ்வளவு மூத்தவர்களானாலும், தயங்காமல் நிறுத்துகிறார். ஒலிபெருக்கி இல்லாததால் பின்வரிசைக்குப் பாதிப் பேச்சு எட்டவில்லை; காபியும் ஆறியிருந்தது. முன்வரிசையில் இடம்பிடிக்கச் சற்று முன்னதாகவே செல்லுங்கள்.