விண்டி வானிலைச் செயலி: ஏலத்தோட்டத்துக்குச் சரிப்படுமா?

வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் குமுளிக்கு மேலே. மழை பார்த்துத்தான் மருந்தடிப்பு, காய் எடுப்பு எல்லாம். அதனால் விண்டி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது.

திறந்ததும் வரும் அசையும் காற்றுப்படம் அருமை. அரபிக்கடலிலிருந்து வெண்கோடுகள் ஓடிவந்து மலையில் முட்டுவதைக் காட்டினால் போதும், எங்கள் மேஸ்திரி அண்ணன் "மேற்கே கட்டிருச்சு தம்பி, மருந்து கலக்க வேணாம்" என்பார். ஒரு எண்கூடத் தேவையில்லை.

இடத்தைத் தொட்டு, அங்கே வரும் நாட்களின் வானிலையைக் கோடுகளாகக் காட்டும் மீட்டியோகிராமுக்குப் போனால் கதையே வேறு. வேளாண்மை படித்த என் தங்கை முதலில் பார்ப்பது வெப்பநிலைக் கோட்டையும் பனிப்புள்ளிக் கோட்டையும்தான் (பனிப்புள்ளி என்பது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை). இரண்டும் நெருங்கினால் காற்றில் ஈரம் ஏறுகிறது, அழுகல் நோய்க்குப் பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவையைத் தயாராக வை என்பாள். அதே படத்தை அண்ணனிடம் நீட்டினால், "இதுல மழை எது?" காற்றுப்படம், மீட்டியோகிராம் இரண்டையும் ஒரே திரையில் திணிக்காமல் பிரித்து வைத்ததுதான் இதன் பெரிய பலம்.

ஒன்று மட்டும் வேண்டும். விண்டி காட்டும் ஐரோப்பிய கணினிக் கணிப்பு மாதிரி, நிலத்தைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணிக்கிறது. குமுளியில் கொட்டும்போது கம்பம் காய்ந்து கிடக்கும்; வண்ணமோ இரண்டையும் இழைத்துக் காட்டும். விவரம் தெரிந்தவர் அதைக் கழித்துப் படிப்பார், மற்றவர் நிறத்தை அப்படியே நம்புவார். முதல் திரையிலேயே ஒரு வரி சொல்லலாம்.

அடைமழைக் காலத்தில் ஆட்களுக்கு இந்திய வானிலைத் துறையின் எச்சரிக்கை நிறங்களைத்தான் அனுப்புகிறேன். 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை என்பதெல்லாம் எனக்கும் தங்கைக்கும். அவர்களுக்குச் சிவப்பு என்றால் மலையேற வேண்டாம், அவ்வளவுதான்.