செட்டிபாளையம் ட்ராக்குல 3 வருஷம்: வீல், டயர், காத்து பத்தி நம்ம அனுபவம்

நம்ம வண்டி பழைய ஆடி டிடிங்க, 2.0 டர்போ குவாட்ரோ (நாலு வீலுக்கும் இஞ்சின் இழுப்பு போற வகை), செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சுட்டு இந்த வேலையெல்லாம் எதுக்குன்னு வீட்ல கேக்காத நாள் கெடையாது. கோயமுத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல இருக்கற கரி ஸ்பீட்வேல ட்ராக் டே, அதாவது அவங்கவங்க சொந்த வண்டிய ரேஸ் ட்ராக்குல ஓட்ட விடற நாளு, வெச்சா போயிடுவேன், இதுவரைக்கும் 11 தடவ ஆச்சு, ஒவ்வொரு தடவயும் காத்து எவ்ளோன்னு பழைய டெலிவரி சலான் நோட்டுல எழுதி வெச்சதுனாலதான் இந்தக் கணக்கே தெரியுது. இஞ்சினுக்கு நான் ஒத்த ரூவா செலவு பண்ணலீங்க, எல்லாமே வீலுக்கும் டயருக்கும் போனதுதான், அதுலயும் பாதி தப்பா போனது.

மொத தடவ வண்டியோட வந்த 18 இஞ்ச் வீலு, ரோட்டு டயரு, பங்க்ல காத்து 34 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு) அடிச்சுட்டு அப்பிடியே நேரா போயிட்டேன். நாலாவது லேப்லயே முன்னாடி ரெண்டும் கத்த ஆரம்பிச்சுது, ஸ்டியரிங்க ஒடிச்சாலும் வண்டி நேரா போகுது. இறங்கி கேஜ் வெச்சா 42 காட்டுது. காத்து சூடானா ஏறும்னு எட்டாங்கிளாஸ்ல படிச்சதுதான், ஆனா இவ்ளோன்னு நெனைக்கல. சுமாரா 10 டிகிரி சூட்டுக்கு ஒன்றரை பிஎஸ்ஐ ஏறுதுங்க, டயர் 25ல இருந்து 80க்கு போனா எட்டு பிஎஸ்ஐ எச்சா ஆயிடும். அதனால காலைல எவ்ளோ அடிச்சோங்கறது கணக்கே கெடையாது, ஓட்டி வந்து பிட்ல நின்ன ரெண்டு நிமிசத்துக்குள்ள எவ்ளோ இருக்குதோ அதுதான் கணக்கு. இப்போ பச்சத்தண்ணி மாதிரி ஆறிக் கெடக்கறப்ப 27 வெச்சு போறேன், ஓடி வந்தா 35 கிட்ட நிக்குது, இந்த வண்டிக்கு இந்த டயருக்கு அது சரியா இருக்குது. உங்க வண்டிக்கு வேற நம்பர் வரும், அப்பிடியே காப்பி அடிச்சுடாதீங்க. இன்னொன்னு, காலைல ஏழு மணிக்கு செட் பண்ணது மத்தியானம் வெயில்ல நின்னாலே ரெண்டு பிஎஸ்ஐ ஏறி நிக்கும், அத மறந்துட்டு ஒருதடவ மத்தியான செஷன் பூரா வழுக்கிட்டே ஓட்டுனேன்.

பங்க் கேஜ நம்பாதீங்க. ரெண்டு பங்க்ல பாத்தேன், ரெண்டுக்கும் நடுவுல 3 பிஎஸ்ஐ வித்தியாசம். சொந்தமா ஒரு நல்ல கேஜ் வாங்கி எப்பவும் அதையே பாருங்க, அது ஒண்ணு கூடக்கொறைய காட்டுனாகூட பரவால்ல, ஒரே பொய்ய சொல்லிட்டே இருந்தா போதும்.

சரி வீலுக்கு வர்றேன். ரெண்டாவது செட் வாங்கலாம்னு முடிவு பண்ணப்ப எல்லாரும் 19 போடு கெத்தா இருக்கும்னாங்க. நான் 17க்கு எறங்குனேன். 18 இஞ்ச் வீலுக்கு போடற 245/40 ஆர்18 டயர் சைஸுக்கும் 17க்கு போடற 245/45 ஆர்17க்கும் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டாது, டயர் வெல கம்மி, வீலும் எடை கம்மி. கம்பெனில பண்டல் எடை போடற மெஷின்ல வெச்சு பாத்தேன், வீல் ஒண்ணுக்கு ரெண்டு கிலோவுக்கு மேல கொறஞ்சுது. பிரேக் டிஸ்க்க கவ்வற காலிப்பருக்கு எடம் இருக்கான்னு மட்டும் வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு வீல மாட்டி கையில சுத்தி பாத்துருங்க.

இதுல ஒரு கண்டம் தப்புனதுங்க. நம்ம வண்டி ஒரிஜினல் போல்ட்டு உக்கார்ற எடம் பந்து மாதிரி உருண்டையா இருக்கும், வெளிய வாங்கற வீல் முக்காவாசிக்கு கூம்பு மாதிரி சரிவு. வித்தவரும் சொல்லல, எனக்கும் தெரியல, பழைய போல்ட்டையே போட்டு முடுக்கியாச்சு. ரெண்டாவது செஷன்ல நேர் ரோட்டுல ஸ்டியரிங் லேசா நடுங்குச்சு, டயர்ல ரப்பர் ஒட்டிருக்கும்னு நெனச்சு இன்னொரு லேப் ஓட்டுனேன் பாருங்க, அதுதான் முட்டாத்தனம். உள்ள வந்து டார்க் ரெஞ்ச் (எவ்ளோ முறுக்குல முடுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) வெச்சா அஞ்சு போல்ட்ல மூணு அர சுத்து சுத்துது. மேலெல்லாம் வேர்த்துப் போச்சு. அன்னைக்கு அதோட மூட்டைய கட்டிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். கூம்பு போல்ட் வந்து சேர்ற வரைக்கும் அந்த வீல தொடவே இல்ல.

அதே வீல்ல நடு ஓட்டை 73.1 மில்லிமீட்டர், வீல் போயி உக்கார்ற நம்ம ஹப்பு 57.1. நடுவுல போடற ரிங்கு பிளாஸ்டிக்குல குடுத்தாங்க, பிரேக் சூட்டுல அது உருகி வளஞ்சு போச்சு. அலுமினியத்துல வேணும்னு ஆன்லைன்ல தேடிட்டு இருந்தப்ப கோயமுத்தூர் கணபதில ஒரு லேத்து பட்டறைக்காரர்கிட்ட காட்டுனேன், "ஏனுங் தம்பி, இந்த வளையத்துக்கா பாம்பேல இருந்து பார்சல் வரவெக்கறீங்க, சித்தெ உக்காருங்க"ன்னாரு. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள நாலும் கடஞ்சு குடுத்துட்டாரு. ரேஸ்காரர் கரிவரதன் ஃபார்முலா மாருதி ரேஸ் வண்டியவே கட்டுன ஊருங்க இது, 1995ல விமான விபத்துல அவர் போன பொறவு அவர் பேர்லதான் இந்த ட்ராக்கே இருக்குது, அந்த ஊர் லேத்துக்காரருக்கு ஒரு வளையம் பெரிய விசயமா என்ன. அவரே பழைய போல்ட் ரெண்டோட தலைய வெட்டி பின்னு மாதிரியும் ஆக்கி குடுத்தாரு. இந்த வண்டி ஹப்புல வெளிய நீட்டிட்டு நிக்கற ஸ்டட் கெடையாது, போல்ட்டுதான் ஹப்புக்குள்ள போகும், வீல தூக்கி புடிச்சுட்டே ஓட்டைய தேடணும், அந்தப் பின்ன முதல்ல முடுக்கிட்டு வீல மாட்டுனா இடுப்பு பொழைக்குது.

போல்ட்டு 120 நியூட்டன் மீட்டர், கையில டார்க் ரெஞ்ச், நட்சத்திர வரிசைல. டயர் கடைல ஏர் கன்னுல அடிச்சு முடுக்கறத இப்போ விடறதில்ல, ஒரு கடைல அப்பிடி அடிச்சு ஒரு போல்ட் மரை போயி ஹப்பையே மாத்துனேன், பில்ல பாத்துட்டு வீட்ல ரெண்டு நாள் பேச்சே இல்ல. ஓட்டி வந்ததும் கொதிக்கற சூட்டுல ரெஞ்ச் போடாம, சித்தெ ஆறுன பொறவு பாக்கறது. வண்டிய நிறுத்துனா ஹேண்ட் பிரேக்கும் இழுக்கறதில்ல, கியர்ல போட்டு கல்ல வெச்சிடறது.

வீல் ஆடாம இருக்க போடற பேலன்ஸ் எடைக்கட்டி, கோந்து போட்டு ஒட்டுற வகையா இருந்தா மேல அலுமினியம் டேப் போட்டு சுத்தி அமுக்கிருங்க, சூட்டுல கோந்து எளகி பறந்துரும். வால்வு ரப்பர் பழசா இருந்தா டயர் மாத்தறப்பவே மாத்திருங்க, அம்பது நூறு ரூவா சமாச்சாரம்.

டயர் விசயத்துல மூணு செட் பாத்தாச்சு. மொத ரெண்டும் ரோட்டு டயர், ட்ரெட்வேர் (டயர் எவ்ளோ மெதுவா தேயும்ங்கற நம்பர், கம்மியா இருந்தா பிடிப்பு எச்சா) 300 சொச்சம், மழைல தங்கம், ஆனா ட்ராக்குல அஞ்சாறு லேப்ல வெண்ணெய் மாதிரி ஆயிடும். இப்போ இருக்கறது 200. வாங்கறப்ப டயரோட பக்கவாட்டுல இருக்கற நாலு நம்பர பாருங்க, 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், ஆஃபர்ல வர்றது முக்காவாசி பழசு. பஞ்சர் ஒட்டுன டயர ட்ராக்குக்கு கொண்டு போறதில்ல. குவாட்ரோங்கறதுனால ரெண்டு மட்டும் புதுசா போட்டு ஓட்டவும் முடியாது, உயரம் வித்தியாசமானா முன் வீலையும் பின் வீலையும் சேக்கற கப்ளிங் சும்மா சும்மா வேல செய்யும்.

டயர் எவ்ளோ மடங்குதுன்னு பாக்க சாக்பீஸ் கோடு போட்டேன், நிக்கல. பையன் ஸ்கூல் ஷூக்கு போடற வெள்ள பாலிஷ்ல ஓரத்துல கோடு இழுத்தேன், அருமையா நின்னுச்சு. கோடு பக்கவாட்டு வரைக்கும் அழிஞ்சா காத்து கம்மி, கோடு தொடாமயே இருந்தா எச்சா. அதோட ஊசி தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி உள்ள, நடு, வெளினு மூணு எடத்துல குத்தி பாத்தா இன்னும் தெளிவு. நமக்கு வெளிப்பக்கம் 15 டிகிரி எச்சா காட்டுச்சு, முன் டயரோட வெளித்தோளும் அதே மாதிரி வழிச்சுட்டு போயிருந்துச்சு. கேம்பர் (வீலோட சாய்வு) மாத்தற பிளேட் போட்டு மைனஸ் 2 டிகிரி, அதாவது வீலோட மேல் பக்கம் உள்ள சாயற மாதிரி, வெச்ச பொறவுதான் ஒரு செட் டயர் ஒரு வருசம் தாண்டுச்சு, அத மொதல்லயே பண்ணிருந்தா ஒரு செட் காசு மிச்சம்.

நாலு வீலும் டிடி டிக்கில போகாதுங்க. மச்சான் குட்டியானைல பனியன் பண்டல் மேல போட்டு செட்டிபாளையம் அனுப்பிட்டு நான் ரோட்டு டயர்ல பல்லடம் வழியா போறது. சாயந்திரம் மாத்திட்டு கெளம்பறப்ப, அலுப்புல ரோட்டு வீல்ல காத்து பாக்காம வந்தது ரெண்டு தடவ.

இப்போதைக்கு டயர்ல ரப்பர் பின்னாடி 4 மில்லிமீட்டர், முன்னாடி 3 இருக்குது, முன்ன பின்ன மாத்தி போட்டா இன்னும் ரெண்டு தடவ ஓடும். அலைன்மென்ட்டுக்கு சொல்லியாச்சு, குட்டியானைக்குத்தான் மச்சான்கிட்ட இன்னும் வாயத் தொறக்கல.