ஆட்டோபிரிஃபிக்ஸர்: பிரிஃபிக்ஸுக்கு நம்பலாம், லேஅவுட்டுக்கு வேண்டாம்

குரோமில் சரியாகத் தெரியும் பக்கம் ஐபோனில் குலைந்தால், "ஆட்டோபிரிஃபிக்ஸர் போட்டாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. போட்டிருந்தாலும் குலையும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோடை மாற்றித் தரும் போஸ்ட்சிஎஸ்எஸ் கருவிக்கான இந்த இலவச பிளகின் செய்வது பிரிஃபிக்ஸ் வேலை மட்டும்தான். அதாவது, சில பிரவுசர்கள் சிஎஸ்எஸ் பண்புகளுக்கு முன்னால் கேட்கும் '-வெப்கிட்-' போன்ற முன்னொட்டைச் சேர்ப்பது.

அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. 'யூசர்-செலக்ட்: நன்' (எழுத்தைத் தேர்ந்தெடுக்க விடாமல் தடுப்பது) என்று எழுதினால், சஃபாரிக்கான '-வெப்கிட்-' வரியைத் தானே சேர்த்துவிடும். சஃபாரி 17 வரை பிரிஃபிக்ஸ் கேட்ட 'பேக்டிராப்-ஃபில்டர்' (பின்னணியை மங்கலாக்குவது போன்றவற்றுக்கு) விஷயத்திலும் அப்படித்தான். காலாவதியான '-வெப்கிட்-பார்டர்-ரேடியஸ்' போன்றவற்றைத் தூக்கியும் விடும். பழைய புராஜெக்ட்டைக் கையில் எடுத்தவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

எந்த பிரவுசருக்காகச் சேர்ப்பது என்பதை புராஜெக்ட்டில் எழுதிவைக்கும் பிரவுசர் பட்டியலான பிரவுசர்ஸ்லிஸ்ட் அமைப்புதான் தீர்மானிக்கிறது. எதுவும் எழுதாவிட்டால் 0.5 சதவீதத்துக்கு மேல் பயன்பாடுள்ளவை, கடைசி 2 பதிப்புகள், ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும். கைவிடப்பட்ட பிரவுசர்களை ஒதுக்கிவிடும். பழைய ஐபோன்காரர்கள் வரும் தளம் என்றால் 'ஐஓஎஸ் >= 14' (14-ம் அதற்கு மேலும்) என்று தனியாகச் சேர்த்துவிடுங்கள். எந்த பிரவுசர் எதை ஆதரிக்கிறது என்று சொல்லும் கேன் ஐ யூஸ் தளத்தின் தரவு புராஜெக்ட்டுக்குள் நகலாக உட்கார்ந்திருப்பதால், அவ்வப்போது 'அப்டேட்-பிரவுசர்ஸ்லிஸ்ட்-டிபி' கட்டளையை ஓட்டி அதைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் 'கடைசி 2 பதிப்புகள்' என்பது போன வருடத்துப் பதிப்புகளாகிவிடும்.

ஏமாற்றம் லேஅவுட்டில், அதாவது பக்கத்தில் எது எங்கே நிற்கும் என்பதில்தான். பொருட்களை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸில், அவற்றுக்கிடையே இடைவெளி விடும் 'கேப்' மேக் சஃபாரியில் 14.1-லும் ஐபோனில் 14.5-லும்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் பட்டன்கள் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டு நிற்கும். சேர்க்க பிரிஃபிக்ஸ் என்று எதுவும் இல்லாததால் ஆட்டோபிரிஃபிக்ஸர் சும்மா இருந்துவிடும். ஒரு வசதி பிரவுசரில் உண்டா என்று கேட்கும் '@சப்போர்ட்ஸ்' வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் கைவிடும்: அந்த சஃபாரிகளில் கிரிடுக்கு (கட்டம் கட்டமாக அடுக்கும் முறை) 'கேப்' இருப்பதால் "உண்டு" என்றே பதில் வரும். 16 பிக்சல் இடைவெளிக்கு உள்ளே இருப்பவற்றுக்குச் சுற்றிலும் 8 பிக்சல் மார்ஜின், வெளிப்பெட்டிக்கு -8 பிக்சல் மார்ஜின் என்று கொடுப்பதே பழைய, ஆனால் உறுதியான வழி.

ஐபோனில் '100விஹெச்' (திரையின் முழு உயரம்) முகவரிப் பட்டைக்கு அடியில் போய் மறைவதும் ஆட்டோபிரிஃபிக்ஸரின் எல்லைக்கு வெளியே. முதல் வரியில் '100விஹெச்', அடுத்த வரியில் '100டிவிஹெச்' (பட்டைக்கு ஏற்ப மாறும் உயரம்) என எழுதுங்கள், 15.4-க்கு முந்தைய சஃபாரி இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் முதலாவதையே எடுத்துக்கொள்ளும்.

டெயில்விண்ட் 4 என்ற சிஎஸ்எஸ் ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஆட்டோபிரிஃபிக்ஸர் தனியாகத் தேவையில்லை. பிரிஃபிக்ஸை அதுவே பார்த்துக்கொள்கிறது. சொந்தமாக சிஎஸ்எஸ் எழுதுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். பிரிஃபிக்ஸுக்கு ஐந்துக்கு ஐந்து. 'எல்லா பிரவுசரிலும் ஓடும்' என்று நம்பிப் போட்டால் இரண்டு.