திருகோணமலையில் கணக்குக் கணினி வாங்க இருப்பவர்களுக்கு: என் 185,000 ரூபா போன விதம்

நகரில் கணினி விற்றுத் திருத்தும் கடை ஒன்றில் 185,000 ரூபா கொடுத்து வாங்கிய சேர்வர், கடந்த வாரம் ஒரு சாதாரண மின்வெட்டோடு எங்கள் மீன்பிடி உபகரணக் கடையின் கடன் கணக்கை அழித்துவிட்டது. சட்டச் சிக்கல் வரும் என்பதால் பெயரை எழுதவில்லை.

வாங்கும்போதே என் கவலையைச் சொன்னேன். கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கத்து மீனவர்கள் வலையும் கயிறும் இயந்திர எண்ணெயும் கடனுக்கு எடுத்து, கடல் அமைதியான பின்புதான் பணம் தருவார்கள். ஆகவே மின்சாரம் போனாலும் கணக்குப் போகக்கூடாது என்றேன். கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே, "அண்ணை, இது லினக்ஸ், ஜேர்னலிங் இருக்கு. கரன்ட் எத்தனை தரம் போனாலும் ஒண்டும் நடக்காது" என்றார். லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்; ஜேர்னலிங் என்னவென்று பின்னால் சொல்கிறேன். தம்பியின் சொல்லை நம்பித்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் 'தரவுப் பாதுகாப்பு அமைப்பு' என்று தனி வரி போட்டு, 185,000 ரூபாவுக்குள் அதற்கும் 15,000 ரூபா சேர்த்திருந்தார்கள்.

மின்சாரம் திரும்பி வந்தபோது, கணினி தன் வட்டை (ஹார்ட் டிஸ்க்கை) சோதித்துத் திருத்திவிட்டதாக வரிவரியாக அறிவித்தது. ஆனால் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. கோப்புகள் பல, வெறும் எண்களையே பெயராகக் கொண்டு சோதனையில் அனாதையாகக் கிடைத்த கோப்புகளைப் போடும் 'லொஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் குவிந்து கிடந்தன. ஒரு மொத்த வியாபாரியின் கடன் பட்டியலைத் திறந்தால், மேற்பாதியில் அவருடைய கணக்கு இருந்தது. கீழ்ப்பாதியில் எப்போதோ நாங்கள் அழித்துவிட்ட சம்பளப் பட்டியலின் துண்டுகள் இருந்தன.

கணினித் துறையில் வேலை செய்யும் என் மருமகன், எந்த வட்டை எப்படி இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் 'எஃப்எஸ்டாப்' (fstab) கோப்பைத் திறந்து காட்டினார். வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஈஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமைக்கு 'டேட்டா=ரைட்பேக்', 'நோபாரியர்' என்ற இரண்டு தெரிவுகளை யாரோ கையால் எழுதியிருந்தார்கள். ஜேர்னல் என்பது பேரேட்டில் பதியுமுன் எழுதிவைக்கும் சிட்டையைப் போன்றது. ஆனால் வழக்கமான அமைப்பில் அதில் பதிவாவது கோப்பின் பெயர், அளவு, இருப்பிடம் போன்ற விபரங்களே தவிர உள்ளடக்கம் அல்ல. இயல்பாக வரும் 'ஓடர்ட்' முறையில் உள்ளடக்கம் முதலில் வட்டுக்குப் போய்ச் சேர்ந்த பின்புதான் அந்த விபரம் ஜேர்னலில் உறுதியாகும். 'ரைட்பேக்' முறையில் அந்த ஒழுங்கு இல்லாததால், இடையில் மின்சாரம் போனால் புதிய கோப்புக்குள் பழைய குப்பை தெரியலாம். எங்கள் சம்பளப் பட்டியல் வந்த வழி இதுதான். இதைவிடப் பெரிய அநியாயம் 'நோபாரியர்'. வட்டின் தற்காலிக நினைவகத்தில் இருப்பதை உடனே தட்டில் எழுது என்ற கட்டளையையே அது நிறுத்திவிடுவதால், கணக்குகளை வைத்திருக்கும் தரவுத்தளம் 'சேமித்தாயிற்று' என்று நம்பும் பதிவு உண்மையில் எங்கும் எழுதப்படாமல் இருக்கலாம். ஜேர்னலே ஒழுங்கு குலைந்து போகலாம். பற்றரி பொருத்திய சேமிப்புக் கட்டுப்படுத்தி இருந்தால் மட்டுமே அப்படிச் செய்யலாம். எனக்கு விற்றது வீட்டுக் கணினிகளில் போடும் சாதாரண ஹார்ட் டிஸ்க். விற்பனையின்போது பில் வேகமாக வருகிறது என்று காட்டியதன் இரகசியம் இப்போது விளங்குகிறது.

லினக்ஸை உருவாக்குபவர்களே இதில் தடுமாறியவர்கள்தாம். 2009இல் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் 2.6.30 பதிப்பு வந்தபோது பழைய ஈஎக்ஸ்டி3க்கு ரைட்பேக்கை இயல்பாக்கி, 2010இல் 2.6.36இல் ஓடர்ட் முறைக்கே திரும்பினார்கள். அதற்குப் பிறகும் 185,000 ரூபா வாங்கிக்கொண்டு ஒருவர் இதைச் செய்கிறார் என்றால் என்ன சொல்வது!

கடைக்குப் போனால், முதலில் முதலாளி கொழும்பில் என்றார்கள். பிறகு மின்சார சபையிடம் கேளுங்கள் என்றார்கள். பிறகு உத்தரவாதம் ஹார்ட் டிஸ்குக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை என்றார்கள். அப்படியானால் அந்த 15,000 ரூபா எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 'ஒண்டும் நடக்காது' என்ற அதே தம்பி, "வேகம் வேணும் எண்டு எல்லாரும்தான் கேக்கிறாங்கள் அண்ணை" என்று சொல்லிவிட்டு, தரவை மீட்டுத்தர இன்னும் 40,000 ரூபா கேட்டார். 185,000 ரூபா போதாதாம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன்; கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. 'எஃப்எஸ்டாப்' கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; 'நோபாரியர்' (nobarrier), 'பாரியர்=0' (barrier=0), 'ரைட்பேக்' (writeback) என்று எதுவும் இருந்தால் பணம் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஜேர்னலில் எழுதும் 'டேட்டா=ஜேர்னல்' முறை ஒவ்வொன்றையும் இருமுறை எழுதுவதால் மெதுவாகும்; சிறிய கடைக்கு ஓடர்ட் போதும். கணக்கின் காப்புப் பிரதி வேறொரு வட்டில் இருக்கட்டும், எங்களுடையதை அதே வட்டில்தான் வைத்திருந்தார்கள். ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கியவர்கள், அடுத்த மின்வெட்டுக்கு முன் அந்த வரியைப் பாருங்கள்.