ஓவியர் பெயர் இல்லாத ‘பாலைவன ஓவியம்’: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் செல்வோர் கவனத்திற்கு

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலுள்ள ஒரு தனியார் விற்பனைக்கூடத்தில், ‘ஏழு சகோதரிகள்’ என்ற மூதாதையர் கதையைச் சொல்லும் பூர்வகுடி ஓவியம் என்று கூறி 900 டாலருக்கு ஒரு போலியை என்னிடம் விற்றார்கள். தங்க முத்திரை பதித்த ‘உண்மைச் சான்றிதழ்’ ஒன்றும் உடன் தந்தார்கள். அதில் கடையின் பெயர் மூன்று இடங்களில் இருக்கிறது; வரைந்தவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கேன்வாஸின் பின்புறத்தில் விலைச்சீட்டைத் தவிர எதுவும் இல்லை. வரைந்தவர் எந்த மொழிக்குழுவைச் சேர்ந்தவர் என்று மின்னஞ்சலில் கேட்டதற்கு, பட்டறையில் பலர் சேர்ந்து வரைவதாகவும், கையால் வரைந்தது என்பதற்கு மட்டுமே தாங்கள் பொறுப்பு என்றும் பதில் வந்தது. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

இவ்வகை ஓவியத்தில் வரைந்தவர் யார் என்பதுதான் எல்லாம். மணலிலும் உடலிலும் வரையப்பட்டுவந்த வடிவங்கள், 1971-இல் பாப்புன்யா என்ற பூர்வகுடிக் குடியிருப்பின் பள்ளிச் சுவரில் பெரியவர்கள் தேனெறும்புக் கதையைத் தீட்டிய காலத்தில் பலகைக்கும் பின்னர் கேன்வாஸுக்கும் வந்தன. ஆனால் பிறப்பாலும் உறவாலும் ஒரு மூதாதையர் கதைக்குப் பொறுப்பானவரே அதை வரையலாம் என்ற கட்டுப்பாடு அப்படியே நீடித்தது. தொடக்ககாலப் பலகைகளில் சடங்கு இரகசியங்கள் வெளிப்பட்டுவிட்டதாகப் பூசல் எழுந்ததால், ஓவியர்கள் அந்த இரகசியங்களை விலக்கினார்கள். சிலவற்றைப் புள்ளிகளால் மறைத்தார்கள். உரிமையுள்ள உறவினர் சேர்ந்து வரைவதும் உண்டு, ஆனால் அவர்கள் பெயர்கள் பதிவாகும். பெயரற்ற ‘பட்டறை’ என்ற பேச்சே அங்கு எடுபடாது.

ஆகவே வாங்குவோர், பூர்வகுடிச் சமூகங்களே நடத்தும் கலை மையங்களை நாடுவது நல்லது. அவை தரும் சான்றிதழில் ஓவியர் பெயர், மொழிக்குழு, கதை, பதிவு எண் ஆகியவை இருக்கும். அதே எண்ணை கேன்வாஸின் பின்புறத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. இந்தோனேசியாவில் செய்த 18,000-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பூர்வகுடியினர் படைப்புகள் போல விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் கூட்டாட்சி நீதிமன்றம் 23 இலட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் அந்நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்குள் போயிருந்தது.

நுகர்வோர் துறையில் புகார் அளித்திருக்கிறேன். விசாரணை நிலுவையில் உள்ளது. இதற்கிடையே அந்தக் கடையின் இணையப் பக்கத்தில், புள்ளிக்குப் புள்ளி என்னுடையதைப் போன்ற ஓவியம் ஒன்று ‘தேனெறும்புக் கதை’ என்ற பெயரில் 1,100 டாலருக்கு விற்பனைக்கு இருக்கிறது.