கலைப் பாசேஜுக்கு 'ஸ்பெஷல்' வகுப்பா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ போன்ற தேர்வுகளில் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன், அதாவது ஒரு பத்தியை (பாசேஜ்) படித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி என்றாலே பலருக்கு உதறல்தான். அதிலும் ஓவியம், சிற்பம் பற்றிய பாசேஜ் வந்து, கூடவே ஓர் இன்ஃபரன்ஸ் (படித்ததிலிருந்து ஊகித்தறியும்) கேள்வியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பயத்தைக் காசாக்கும் ஓர் ஆன்லைன் வகுப்பில் முழுக் கட்டணமும் கட்டி ஏமாந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சரக்கை வேறு பெயரில் விற்பவர்களும் இருப்பார்கள் என்பதால், எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

டெமோ வகுப்பு அருமையாக இருந்தது. பணம் கட்டியதும் டெமோ எடுத்த ஆசிரியரைக் காணவில்லை. ஏற்கெனவே பதிவு செய்த வீடியோக்கள்தான். அப்புறம் 'கலை வரலாறு கேப்ஸ்யூல்' என்று ஒரு தடித்த பிடிஎஃப். மறுமலர்ச்சிக் காலத்தில் தொடங்கி பாப் ஆர்ட் வரை ஓவியர் பெயர், ஆண்டு, பாணி. இதை மனப்பாடம் செய்தால் எந்தக் கலைப் பாசேஜும் கைக்குள் வந்துவிடுமாம்.

அடிப்படையே இங்கேதான் கோளாறு. பாசேஜில் இருப்பதை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும், வெளி அறிவு தேவையில்லை என்பது ஜிஆர்இ நடத்துபவர்களே சொல்வது. பாசேஜில் உள்ள வாக்கியங்கள் உண்மை என்றால் வேறு எது உண்மையாக இருந்தே தீர வேண்டும் என்பதுதான் இன்ஃபரன்ஸ் கேள்வி.

அவர்கள் கொடுத்த ஒரு பயிற்சியையே பாருங்கள். 1917-இல் நியூயார்க்கில் சுதந்திரக் கலைஞர்கள் சங்கம் ஒரு கண்காட்சி நடத்தியது. நடுவர் குழு கிடையாது, கட்டணம் கட்டும் எவருடைய படைப்பும் வைக்கப்படும் என்பது விதி. கலைஞர் மார்செல் டூஷாம்ப் 'ஆர். மட்' என்று கையெழுத்திட்ட, கழிப்பறையில் பொருத்தும் ஒரு சிறுநீர்க் கோப்பையை 'நீரூற்று' என்ற தலைப்பில் அனுப்பினார். கட்டணம் கட்டியும் அது காட்சிக்கு வைக்கப்படவில்லை. பாசேஜ் இவ்வளவுதான். இதிலிருந்து என்ன தெரிகிறது? குறைந்தது ஒரு படைப்பின் விஷயத்திலாவது சங்கம் தன் விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்பது தெரிகிறது. அந்தத் தெரிவும் பட்டியலில் இருந்தது. ஆனால் ஆன்சர் கீ சொன்ன விடை, 'கலைஞன் கையால் செய்ததே கலை என்று சங்கம் நம்பியது.' நம்பியிருக்கலாம். பாசேஜில் அது எங்கே இருக்கிறது? மாணவர்கள் சந்தேகம் கேட்கும் குழுவில் கேட்டேன். வந்த பதில்: 'டூஷாம்ப் பற்றிய கேப்ஸ்யூலை மறுபடி படியுங்கள்.'

அடுத்தது அவர்களுடைய 'ரகசிய ட்ரிக்'. 'எந்த', 'எல்லா', 'ஒருபோதும்' மாதிரி அழுத்தமான சொல் வந்தால் யோசிக்காமல் அடித்துவிடு. 'சில', '-லாம்' என்று மென்மையாக இருந்தால் அதையே எடு. சில இடங்களில் இது ஒத்துவரும் என்பதுதான் ஆபத்து. பெயின்ட் டியூப் பற்றி ஒரு பாசேஜ் என்று வையுங்கள். பிதுக்கி எடுக்கும் உலோக டியூபுக்கு 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் காப்புரிமை பெற்றார், அதற்கு முன் அப்படி ஒரு டியூப் எங்குமே விற்கப்படவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. '1830-இல் முடித்த எந்த ஓவியத்துக்கும் கடையில் வாங்கிய அந்த டியூப் பயன்பட்டிருக்க முடியாது' என்ற தெரிவு அழுத்தமானது, ஆனால் அதுதான் சரி. 'டியூப் வந்ததால் சில ஓவியர்கள் வெளியிடங்களில் வரையத் தொடங்கியிருக்கலாம்' என்பது மென்மையானது, வரலாற்றோடும் ஒத்துப்போகிறது. ஆனால் இந்தப் பாசேஜ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ட்ரிக்கும் கேப்ஸ்யூலும் சேர்ந்து உங்களைத் தவறான விடைக்கே தள்ளும். மூன்று தெரிவுகளில் பொருந்துவதை எல்லாம் குறிக்கச் சொல்லும் கேள்வியில் இன்னும் மோசம். ஒன்று தப்பினாலும் மொத்த மதிப்பெண்ணும் போச்சு, பாதி மார்க் என்பதே கிடையாது.

சரி, பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றால், 'ஸ்கோர் ஏறாவிட்டால் முழுப் பணமும் வாபஸ்' என்ற வாக்குறுதிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: அவர்கள் வைக்கும் எல்லா மாக் டெஸ்டும் (மாதிரித் தேர்வும்) முடித்திருக்க வேண்டும். கடைசி மாக் டெஸ்டுகள் திறந்ததோ ரீஃபண்ட் கெடு முடிந்த பிறகு! இதைக் குழுவில் எழுதினேன். மறுநாள் நான் குழுவிலேயே இல்லை. மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

இன்னும் பணம் கட்டாதவர்கள், டெமோவை நம்பாமல் ஏதாவது ஓர் இன்ஃபரன்ஸ் கேள்விக்கான முழு விளக்கத்தைக் கேளுங்கள். சரியான விடைக்கு எந்த வரி ஆதாரம், மற்ற தெரிவுகள் ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று அதில் இருக்க வேண்டும். எழுத்தில் தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ஜிஆர்இ எழுதுபவர்களுக்குத் தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே பவர்பிரெப் என்ற பெயரில் இலவச மாதிரித் தேர்வுகள் தருகிறது. முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள், ரீஃபண்ட் பக்கத்தையும் மாக் டெஸ்ட் திறக்கும் தேதிகளையும் இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் விளம்பரப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான் இருக்கிறது; அதை வைத்துத்தான் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.