கதவு தட்டப்படும்போது எந்த அட்டவணை தாங்கும்?

நேர நிர்வாகம் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளில் பாதிக்கு மேல், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடிந்தவர்களுக்கானவை. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அது முழுசாக நம் கையில் இருக்கும் என்று அவை நம்புகின்றன. குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அம்மாவுக்கு அந்த நம்பிக்கை காலை பத்து மணி வரைகூடத் தாங்காது. அதனால் எந்த முறையில் அதிக வேலை முடிகிறது என்று நான் பார்க்கவில்லை. பாதியில் கலைந்தால் எதை மறுபடி பிடிப்பது சுலபம் என்றுதான் பார்த்தேன்.

பொமொடோரோவை எடுத்துக்கொள்வோம். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவ சமையலறை டைமர் ஒன்றை வைத்துத் தொடங்கிய முறை இது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் கொஞ்சம் நீண்ட இடைவேளை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கறாரான விதி உண்டு: பாதியில் நின்ற சுற்று கணக்கில் சேராது. பதினான்காவது நிமிடத்தில் குழந்தை ஒரு டப்பாவைக் கொண்டு வந்து மூடியைத் திறக்கச் சொல்கிறது. திறந்து கொடுக்கப் பத்து வினாடி ஆகும், ஆனால் விதிப்படி அந்தச் சுற்று போச்சு. இப்படி நான்கு சுற்று போனால், வேலை ஓரளவு நடந்திருந்தாலும் ஒன்றுமே செய்யாத மாதிரி மனசு சோர்ந்துவிடும். டைமரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஓடவிடுங்கள். முறை கெட்டுப்போகிறது என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

குழந்தைக்கு நான்கைந்து வயதானால் இதே டைமருக்கு இன்னொரு பயன் உண்டு. மீதி நேரத்தை நிறமாகக் காட்டி, அது சுருங்கிக்கொண்டே வரும் வகை டைமர்கள் இருக்கின்றன. மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கும் 'சிவப்பு தீர்ந்ததும் அம்மா வருவாள்' என்பது புரியும். சிவப்பு தீர்ந்ததும் நிஜமாகவே எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முறை ஏமாற்றினால் மூன்றாம் முறை அது செல்லாது.

அடுத்தது டைம் பிளாக்கிங், அதாவது காலண்டரில் கட்டம் கட்டி இன்ன நேரம் இன்ன வேலை என்று எழுதிவிடுவது. குழந்தை பள்ளிக்குப் போகும் வீட்டிலும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் வீட்டிலும் இதற்கு ஈடு இல்லை. கட்டம் நிரம்பியிருப்பது உடன் வேலை செய்பவர்களுக்கும் தெரிவதால் அந்த நேரத்தில் மீட்டிங் வைக்க யோசிப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரு கட்டம் சரிந்தால் பின்னால் இருப்பதெல்லாம் வரிசையாகச் சரியும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மனிதர்கள் பெரும்பாலும் குறைத்தே கணிக்கிறார்கள் என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979லேயே எழுதிவிட்டார்கள். குழந்தை இருந்தால் அந்தக் கணிப்பு இன்னும் மோசமாகும். ஆகவே காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று காலிக் கட்டங்களை விட்டுவையுங்கள்.

குழந்தை தூங்கும் நேரத்தை நம்பிக் கட்டம் போடுவது தனி ஆபத்து. 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல். பார்த்தால் நிறைய நேரம் கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி இரவில் போய்விடும். பகல் தூக்கமோ இன்று இரண்டு மணி நேரம், நாளை இருபது நிமிடம். இன்றே அனுப்பியாக வேண்டிய வேலையை அதில் வைக்காதீர்கள்.

கைக்குழந்தை இருக்கும் அம்மாவுக்கு நான் சொல்வது மூன்றாவது வழியைத்தான்: கடிகாரமே இல்லாத இரண்டு பட்டியல்கள். ஒன்றில் தலை முழுசாகத் தேவைப்படும் வேலைகள். இன்னொன்றில் மெயிலுக்குப் பதில் போடுவது, ஃபைல் பெயர் மாற்றுவது போல, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் முடிக்கக்கூடியவை. எந்த நேரம் வாய்க்கிறதோ அதற்கேற்ற பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதன் பலவீனமும் தெரிந்ததுதான். சின்ன வேலைகள் மளமளவென்று முடியும், பெரியது வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

அந்தப் பெரிய வேலைக்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. ஒரு வேலையை முடிக்காமல் எழுந்தால் கவனத்தில் ஒரு பகுதி அதிலேயே தங்கிவிடுகிறது என்று 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் காட்டினார். திரும்பி வந்ததும் எங்கே தொடர்வது என்பதைச் சட்டென்று குறித்துவைத்துவிட்டு எழுந்தால் அந்த இழுபறி குறைகிறது என்று 2018இல் அவரும் தெரசா க்ளோம்பும் சேர்ந்து எழுதினார்கள். அழுகை கேட்டதும் ஓடத்தான் தோன்றும். ஆனாலும் 'மூன்றாவது பத்தி, எண்களைச் சரிபார், பிறகு முடிவுரை' என்று அரை வரி கிறுக்க ஐந்து வினாடி போதும். எழுதாமல் போனால், திரும்பி வந்து முதல் வரியிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

வேலைக்கு உகந்தது விடிகாலையா, நள்ளிரவா என்ற பழைய சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. இரண்டுமே தூக்கத்திடம் வாங்கும் கடன். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். முந்தைய இரவு சீக்கிரம் படுக்க முடிந்தால் விடிகாலை நல்லது, முடியாவிட்டால் அதுவும் இல்லை. இரவில் பால் கொடுக்க எழும் அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம்.

கடைசிப் போட்டி, தனியாகச் சமாளிப்பதற்கும் கணவருடன் முறை போட்டுக்கொள்வதற்கும். உலகில் சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில் 76.2 சதவீதத்தைப் பெண்களே செய்கிறார்கள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. இதை எந்த டைமரும் சரிசெய்யாது. முறை போடுவதிலும் இரண்டு வகை உண்டு. 'வேணும்னா கூப்பிடு, செய்றேன்' என்பது ஒன்று. இதில் எப்போது கூப்பிடுவது என்று யோசிக்கும் வேலை அம்மாவிடமே இருக்கிறது. 'ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என் பொறுப்பு' என்பது இன்னொன்று. அந்த இரண்டு மணி நேரத்தில் டயப்பர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்கக்கூடக் கதவு திறக்கக் கூடாது. முதல் வாரம் திறக்கத்தான் செய்யும். எழுந்து போய் எடுத்துக் கொடுக்காமல், இருக்கும் இடத்தை மட்டும் சொல்லிவிட்டுத் திரையைப் பாருங்கள்.